கொம்யூன்: காவிரிக் கடைமடையில் தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சுச் சொல்

நாகூரிலிருந்து காரைக்கால் போகிற பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் வாஞ்சூர் வந்துவிடும். அங்கேதான் எல்லை. தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் தொடங்குகிறது. எல்லை தாண்டியதற்கு முதல் அடையாளம் மதுக்கடைகள். அதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது அடையாளத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. அரசுப் பலகைகளில் ஒரு சொல் மாறியிருக்கும். நாகப்பட்டினம் பக்கம் 'ஊராட்சி ஒன்றியம்' என்று எழுதியிருக்கிற மாதிரியான இடங்களில், இங்கே 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இருக்கும்.

வயலும் வாய்க்காலும் பேச்சும் அப்படியே இருக்க, இந்த ஒரு சொல் மட்டும் ஏன் இப்படி? இதற்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது, கம்யூனிசத்துக்கும் இதற்கும் உறவு உண்டா? இதெல்லாம் புதிதாகக் கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இன்றைய பொருளைப் பார்த்துவிடுவோம். காரைக்கால் மாவட்டத்தில் ஒரு நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உண்டு. நகராட்சி காரைக்கால். கொம்யூன்கள் திருமலைராயன்பட்டினம், நிரவி, திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி. ஒவ்வொரு கொம்யூனுக்குள்ளும் பல கிராமப் பஞ்சாயத்துகள் அடங்கும். அதாவது கொம்யூன் என்பது பல ஊர்களைச் சேர்த்த ஓர் உள்ளாட்சி வட்டாரம். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, வீட்டு வரி கட்ட வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றால் 'கொம்யூன் ஆபீஸுக்குப் போ' என்பார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஊராட்சி ஒன்றியம் இருக்கிற படிக்கட்டில்தான் கொம்யூனும் இருக்கிறது. கிராமப் பஞ்சாயத்துக்கு ஒரு படி மேல். ஆனால் தமிழ்நாட்டில் ஒன்றியத்துக்கு மேலே மாவட்ட ஊராட்சி என்று இன்னொரு படி உண்டு. இங்கே அது கிடையாது. கொம்யூனை தாலுகாவோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. தாலுகா வருவாய்த் துறையின் கணக்கு. காரைக்கால் மாவட்டத்தில் தாலுகா இரண்டுதான்: காரைக்கால், திருநள்ளாறு. பட்டாவுக்கு ஓரிடம், வீட்டு வரிக்கு வேறிடம். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மாதத்தில் அலைவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

பிரெஞ்சில் இதை உச்சரிக்கும்போது முதல் எழுத்து 'கொ' என்றுதான் ஒலிக்கும். இரண்டாம் பாதியில் வருகிற ஒலி தமிழில் இல்லை. 'ஊ' சொல்வதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லிப் பார்த்தால் கிட்டத்தட்ட வரும். நம்மவர்கள் அதை 'யூ' என்று ஆக்கிக்கொண்டார்கள். அதனால் 'கொம்யூன்'. இதே சொல்லை ஆங்கிலம் பிரெஞ்சிடமிருந்து வாங்கித் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றியது. அந்த வழியாக வந்ததைத் தமிழில் 'கம்யூன்' என்று எழுதுகிறோம். ஆக ஒரே சொல் தமிழுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை காரைக்கால், புதுச்சேரி வழியாக நேரே பிரெஞ்சிலிருந்து, நிர்வாகச் சொல்லாக. இன்னொரு தடவை ஆங்கிலம் வழியாக, அரசியல் சொல்லாக. 'பாரிஸ் கம்யூன்' என்று எழுதுகிற அதே கை, 'கோட்டுச்சேரி கொம்யூன்' என்று எழுதும். இரண்டும் ஒன்றே என்று பெரும்பாலும் தோன்றுவதே இல்லை.

கீழத்தஞ்சை வட்டாரத்தில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நாகை, திருவாரூர் பக்கம் செங்கொடி நெடுங்காலம் வேர்விட்ட மண். பண்ணையாள்கள் சங்கம் வைத்துக் கூலிக்குப் போராடிய ஊர்கள், 1968-ல் கீழ்வெண்மணிப் படுகொலை நடந்த மண். அங்கே வளர்ந்த ஒருவர் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பலகையைப் பார்த்தால், கட்சி நடத்துகிற பஞ்சாயத்தோ என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. கட்சிக்கும் இந்தப் பலகைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சொல்லளவில் உறவு உண்டு, அதுவும் நெருங்கிய உறவு. அதைப் புரிந்துகொள்ள லத்தீன் வரை போக வேண்டும்.

லத்தீனில் 'மூனுஸ்' என்று ஒரு சொல். கடமை, பொறுப்பு, ஊருக்கு ஒருவர் செய்து தீர வேண்டிய பணி என்று பொருள். கொடை என்றும் பொருள் உண்டு. இதோடு 'சேர்ந்து' என்று பொருள்தரும் முன்னொட்டு சேர்ந்தால் 'கொம்மூனிஸ்'. கடமையைச் சேர்ந்து சுமப்பவர்களுக்கு உரியது, அதனால் பொதுவானது. இங்கே நம் பக்கத்துக் குடிமராமத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஊர் வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. வாய்க்கால் பொது, அதனால் வேலையும் பொது. வேலைக்கு வராதவனுக்குத் தண்ணீரில் வாய் பேச முடியாது. 'கொம்மூனிஸ்' என்ற சொல்லுக்குள் இருப்பது இந்தக் கணக்குதான். முதலில் வருவது கடமை, உரிமை அதன் பின்னால்.

இந்த 'மூனுஸ்' குடும்பம் பெரியது. நாம் தினமும் புழங்குகிற சில சொற்கள் இதிலிருந்து வந்தவை. முனிசிபாலிட்டி என்பது 'கடமைகளை ஏற்றுக்கொண்டவர்களின் ஊர்' என்ற பொருளில் ரோமானியர்கள் வைத்திருந்த சொல்லிலிருந்து வருகிறது. கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு கபசுரக் குடிநீர் கொடுத்துப் பேசிய இம்யூனிட்டியும் இதே வேர். 'இம்மூனிஸ்' என்றால் கடமையிலிருந்து விலக்கு பெற்றவன், வரி கட்ட வேண்டாதவன். நோய் அவனிடம் வரி கேட்காது என்கிற மாதிரி பிற்காலத்தில் மருத்துவம் அதை எடுத்துக்கொண்டது. பள்ளியில் கேட்கிற கம்யூனிட்டி சர்ட்டிபிகேட், வகுப்புவாரி இடஒதுக்கீட்டு வரலாற்றில் வருகிற கம்யூனல் ஜி.ஓ., அப்புறம் கம்யூனிசம், எல்லாம் ஒரே கிளை. காரைக்காலில் நகராட்சியை முனிசிபாலிட்டி என்றும் சுற்றியிருக்கிற ஐந்தையும் கொம்யூன் என்றும் சொல்கிறார்களே, அந்த இரண்டு சொல்லும் ஒரே வேரின் பிள்ளைகள்.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது இந்தச் சொல்லுக்கு அரசியல் சூடு ஏறியது. 11-ஆம் நூற்றாண்டில் வட பிரான்சில் வணிகமும் கைத்தொழிலும் பெருகிய ஊர்களில் மக்கள் கூடிச் சத்தியம் செய்துகொண்டார்கள். ஒருவருக்கு ஒருவர் துணை நிற்போம், பிரபு நினைத்த நேரத்தில் நினைத்த வரியைப் பிடுங்க விட மாட்டோம் என்பதுதான் அந்தச் சத்தியம். அப்படிச் சத்தியம் செய்துகொண்ட ஊர்க்கூட்டத்துக்குப் பெயர் கொம்யூன். 1070-ல் லெ மான், 1077-ல் கம்ப்ரே என்று முதல் முயற்சிகள் நடந்தன, இரண்டுமே நசுக்கப்பட்டன.

இதில் கேட்க வேண்டிய கதை லான் நகரத்தினுடையது. அங்கே பிஷப்தான் பிரபு. அவர் பெயர் கோத்ரி. அவர் இங்கிலாந்து போயிருந்த சமயத்தில் ஊர்க்காரர்கள் பணம் கொடுத்துக் கொம்யூன் உரிமையை வாங்கிவிட்டார்கள். திரும்பி வந்த பிஷப்புக்குக் கோபம். அவருக்கும் பணம் கொடுத்து வாயை அடைத்தார்கள். அரசர் ஆறாம் லூயியிடமும் பணம் கொடுத்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள். ஆனால் 1112-ல் அரசர் ஊருக்கு வந்தபோது பிஷப் அவரைச் சரிக்கட்டிக் கொம்யூனை ரத்து செய்ய வைத்தார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ரத்து செய்வதற்கு ஆன செலவையும் ஊர்க்காரர்களிடமே வசூலிக்கப் பார்த்தார். ஊர் கொதித்தது. 'கொம்யூன்! கொம்யூன்!' என்று கத்திக்கொண்டு கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தது. நிலவறையில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த பிஷப்பை இழுத்துப்போட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அதே வட்டாரத்தில் மடாதிபதியாக இருந்த கிபேர் என்பவர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குக் கொம்யூன் என்றாலே ஆகாது. அது ஒரு புதுப் பெயர், மகா கெட்ட பெயர் என்கிறார். ஏன் கெட்டதாம்? குடிகள் ஆண்டுக்கு ஒரு தடவை வழக்கமான வரியைக் கட்டிவிட்டு, அதற்குமேல் பிடுங்கப்படுகிற எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துக்கொள்கிறார்களாம்! திட்டுகிற மாதிரி எழுதியிருந்தாலும், கொம்யூன் என்றால் அன்று என்ன பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. கட்ட வேண்டியது இவ்வளவு என்று ஊரே சேர்ந்து வரையறை போட்டுக்கொள்வது. 'சேர்ந்து சுமக்கும் கடமை' என்ற பழைய பொருள் இங்கே 'சேர்ந்து காத்துக்கொள்ளும் உரிமை' என்று திரும்பிவிட்டது.

பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் அரசர்களின் கை ஓங்கிச் சொல்லின் காரம் குறைந்தது. மறுபடியும் அதை எடுத்தது பிரெஞ்சுப் புரட்சி. 1789 டிசம்பரில் போட்ட சட்டத்தின்படி நகரமோ கிராமமோ, ஒவ்வோர் ஊருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வந்தது. 1793-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நகரம், பேட்டை, கிராமம் என்று ஊர்களைத் தரம்பிரித்துச் சொல்வதே கூடாது, எல்லாமே 'கொம்யூன்' என்று ஆணை போட்டார்கள். ஆணையில் தலைநகரத்துக்கும் குக்கிராமத்துக்கும் ஒரே பெயர். இன்றைக்கும் அப்படித்தான். இருபது லட்சம் பேர் வாழ்கிற பாரிஸும் ஒரு கொம்யூன். நூறு பேர் வாழ்கிற மலைக்கிராமமும் ஒரு கொம்யூன். ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் பிரான்சில் இருக்கின்றன. வெர்டன் பக்கத்தில் முதல் உலகப்போரில் அழிந்துபோன ஆறு கிராமங்களில் இன்று ஒருவர்கூட வசிக்கவில்லை. ஆனாலும் அவற்றைக் கொம்யூன் பட்டியலிலிருந்து நீக்காமல், ஆளில்லாத ஊருக்கு மேயரை நியமித்து வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் இந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை என்பதற்கு இது ஒன்று போதும்.

1871-ல் பாரிஸ் மக்கள் அரசாங்கத்தை எதிர்த்து நகரத்தைத் தாங்களே நடத்தினார்கள். மார்ச் 18 முதல் மே 28 வரை அது நீடித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயரும் கொம்யூன்தான். 'பாரிஸ் நகர மன்றம்' என்கிற சாதாரணப் பொருளும், பழைய கலகக்காரப் பொருளும் அதில் சேர்ந்து ஒலித்தன. மார்க்ஸ் அதைப் பற்றி எழுதிய பிறகு சொல் உலகம் சுற்றியது. 1958-ல் சீனா தன் கூட்டுப் பண்ணைகளுக்கு வைத்த பெயரையும் கம்யூன் என்றே மொழிபெயர்க்கிறோம். தமிழில் இடதுசாரி எழுத்தில் புழங்குகிற 'கம்யூன்' இந்த வழியாக வந்தது.

நம்முடைய 'கொம்யூன்' வந்த வழி வேறு. அதில் கலகம் எதுவும் கிடையாது, அரசாணைகள் மட்டும்தான்.

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. தஞ்சை மராட்டிய அரசின் வாரிசுச் சண்டையில் நுழைந்து வாங்கிக்கொண்ட ஊர். அரசலாறு கடலில் சேருகிற இடம், பின்னால் நெல் விளைகிற தேசம்; துறைமுகம் வைக்க வேறென்ன வேண்டும்? வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், நடுவில் இவர்கள். (டென்மார்க்கிலும் இன்று உள்ளாட்சிக்குப் பெயர் இதே லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்தான். ஆனால் அவர்கள் 1845-லேயே தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் அந்தச் சொல் இந்தக் கரைக்கு அந்த வழியில் வரவில்லை.)

கொம்யூன் என்ற அமைப்பு பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது 1880-ல். முதலில் பத்து கொம்யூன்கள். அதில் காரைக்கால் பகுதிக்கு மூன்று. 1907-ல் மொத்தம் 17 ஆக்கினார்கள். புதுச்சேரிக்கு எட்டு, காரைக்காலுக்கு ஆறு, சந்திரநாகூர், மாஹே, ஏனாம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. காரைக்காலின் அந்த ஆறு எவை தெரியுமா? காரைக்கால், நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு, அப்புறம் 'லா கிராந்த் அல்தே'. கடைசிப் பெயரைத் தவிர மற்றதெல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கடைசிப் பெயர்தான் சுவாரஸ்யமானது. லா கிராந்த் அல்தே என்பது திருமலைராயன்பட்டினம். அவ்வளவு நீளப் பெயரை வாயில் நுழைக்க முடியாமலோ என்னவோ, 'பெரிய ஊர்' என்று பொருள்படும்படி பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை, அதையே 'டி.ஆர். பட்டினம்' என்று வெட்டிவிட்டோம். இதில் 'அல்தே' என்பது பிரான்சில் யாரும் கிராமத்துக்குச் சொல்கிற சொல் இல்லை. போர்த்துக்கீசியர்கள் கிராமத்தை 'அல்தேயா' என்பார்கள். அவர்கள் அதை அரபியிலிருந்து எடுத்தார்கள். போர்த்துக்கீசியர் இந்தக் கடற்கரைக்கு முதலில் வந்து, அவர்கள் மொழி வியாபார மொழியாகப் பரவியிருந்ததால், பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊர்ச் சொல்லை விட்டுவிட்டு இங்கே புழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சிந்திய ஆவணங்களில் கிராமம் என்றால் 'அல்தே'தான். அரபிச் சொல் ஒன்று போர்ச்சுகல் சுற்றி, பிரெஞ்சு உடை போட்டுக்கொண்டு, திருமலைராயனாற்றங்கரை ஊருக்குப் பெயராக இருந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிரான்சில் கொம்யூன் என்றால் ஓர் ஊர். காரைக்காலில் கொம்யூன் என்றால் பல அல்தேக்களைச் சேர்த்த வட்டாரம். சொல் கப்பலில் வந்தபோதே அதன் அளவு மாறிவிட்டது. இன்று அது தமிழ்நாட்டு ஒன்றியத்தைப் போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். பிரான்சிலிருந்து ஒருவர் வந்து 'நெடுங்காடு கொம்யூன்' என்று படித்தால் நெடுங்காடு என்ற ஊரை மட்டும் நினைப்பார். நமக்கு அது சுற்றுவட்டாரம் முழுவதும்.

சமத்துவமும் கப்பலில் முழுதாக வந்து சேரவில்லை. எல்லா ஊரும் சமம் என்று 1793-ல் ஆணை போட்ட அதே நாடு, இங்கே தேர்தல் வைத்தபோது ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல் என்று வாக்காளர்களைப் பிரித்தது. எண்ணிக்கையில் ஒரு கைப்பிடி இருந்தவர்களுக்கு மன்றத்தில் கிடைத்த இடம் அவர்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாதது. இருந்தாலும் தேர்ந்தெடுத்த மன்றம், அதற்கு ஒரு மேயர் என்ற வழக்கம் காரைக்கால் கிராமங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேயரைப் பிரெஞ்சில் 'மேர்' என்பார்கள். அவர் அலுவலகம் 'மேரி'. புதுச்சேரிக் கடற்கரையில் 'மேரி கட்டடம்' என்று ஒன்று இருப்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 2014-ல் மழையில் இடிந்து விழுந்து பிறகு அதே வடிவில் திரும்பக் கட்டப்பட்டது. யாரோ மேரியம்மா கட்டியது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இப்போது திருத்திக்கொள்ளலாம். மேருக்கு இரண்டு வேலை. ஊர் மன்றத்துக்குத் தலைவர் என்பது ஒன்று. பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்கிற அதிகாரி என்பது இன்னொன்று. பிரான்சில் 1792 வரை இந்தப் பதிவேடுகள் தேவாலயத்தில் இருந்தன. புரட்சி அவற்றை எடுத்து ஊர் மன்றத்தின் கையில் கொடுத்தது. அந்த வழக்கம் இங்கேயும் வந்தது.

இந்தக் கொம்யூன்களுக்கு ஒரு பெரிய நாள் உண்டு: 1954 அக்டோபர் 18. பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேருவதா என்று வில்லியனூருக்கு அருகே கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. பொதுமக்கள் யாரும் அதில் வாக்களிக்கவில்லை. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் மன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஊர்ச் சாக்கடையையும் விளக்கையும் பார்த்துக்கொள்ள அமைத்த மன்றங்கள், கடைசியில் எந்த நாடு என்பதையே முடிவுசெய்தன. சட்டப்படியான மாற்றம் முழுமையாக 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது.

காரைக்கால் பக்கத்து மாவட்டத்தோடு சேராமல் புதுச்சேரியின் ஒரு துண்டாகவே நின்றதால், காவிரிக் கணக்கிலும் அது தனி ஆளாக நிற்கிறது. நடுவர் மன்றம் 2007-ல் தந்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென்று 7 டிஎம்சி ஒதுக்கியது. அது காரைக்கால் வயல்களுக்கான தண்ணீர். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு, கர்நாடகம் பங்குகளில் கைவைத்தபோதும் இந்த 7-ஐத் தொடவில்லை.

இணைப்புக்குப் பிறகு கொம்யூனைத் தூக்கிவிட்டு வேறு பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 1973-ல் வந்த சட்டம் பழைய பெயரோடு பஞ்சாயத்து என்பதைச் சேர்த்து ஒட்டிவிட்டது: கொம்யூன் பஞ்சாயத்து. முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி வடக்கத்திச் சொல், முன்னால் வருகிற ஊர்ப்பெயர் தமிழ். காரைக்கால் பகுதியின் ஆறில் காரைக்கால் நகராட்சியாகிவிட, மற்ற ஐந்தும் கொம்யூனாகவே நீடித்தன. மேர் என்ற பதவிப் பெயர் மறைந்து, தலைவர், ஆணையர் என்று ஆனது. தேர்தல் மட்டும் அபூர்வமாகத்தான் நடக்கிறது. 1968-ல் ஒரு தடவை நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006-ல். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகும் நீண்ட காலம் அதிகாரிகளே நடத்தினார்கள். சத்தியம் செய்துகொண்ட ஊர்க்கூட்டம் என்ற பெயரைச் சுமக்கிற அமைப்பு, ஊர்க்காரர்கள் யாரும் உட்காராத மன்றமாக இருப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஐந்நூறு பேர் இருக்கிற பிரெஞ்சுக் கிராமத்தில் நடக்கிற தேர்தலை இங்கே நடத்த முடியாது என்பதற்கு ஒரு நல்ல காரணத்தை இன்னும் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

எழுதும்போது எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: காரைக்கால், புதுச்சேரி உள்ளாட்சி என்றால் 'கொம்யூன்'. 1871 பாரிஸ், சீனக் கூட்டுப் பண்ணை, ஒன்றாகக் குடியிருந்து பொதுச் சமையல் செய்யும் குழுக்கள் என்றால் 'கம்யூன்'. பத்திரிகைகளில் இரண்டும் கலந்து வருவதுண்டு. பெரிய தப்பில்லை, ஆனால் பிரித்து எழுதினால் படிப்பவருக்கு எந்த வழியில் வந்த சொல் என்பது உடனே தெரிந்துவிடும்.

தாத்தா, பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுப் பதிவுகளைத் தேடுபவர்களுக்கும் ஒரு விஷயம். பிரெஞ்சுக் குடியுரிமைக்காகவோ சொத்து வழக்குக்காகவோ பலர் தேடுகிறார்கள். பத்திரத்தில் 'கிராந்த் அல்தே' என்று இருந்தால் மிரள வேண்டாம், அது டி.ஆர். பட்டினம். 'அல்தே' என்று மட்டும் இருந்து அதன் பின்னால் ஒரு பெயர் வந்தால், அது அந்தக் கிராமத்தின் பெயர். 1880-க்கும் 1907-க்கும் இடையில் பிறந்தவர் என்றால் நிரவி, திருநள்ளாறு, கோட்டுச்சேரி என்ற தலைப்புகளில் தேடிப் பயனில்லை. அப்போது அந்தக் கொம்யூன்களே கிடையாது. காரைக்கால், நெடுங்காடு, கிராந்த் அல்தே, இந்தப் பழைய மூன்றில்தான் கேட்க வேண்டும்.